சத்தம் தின்னும் பெட்டி

பெட்டியைச் சுவரில் மாட்டியவன் திருப்புளியைத் துடைத்துப் பைக்குள் போட்டுக்கொண்டே சொன்னான். "இதுல கை வெக்காதீங்க சார். வெச்சா மேல தெரிஞ்சிடும்."

"மேலன்னா?" என்றான் கமலக்கண்ணன்.

மாட்டியவன் கூரையை அண்ணாந்து பார்த்தான். கமலக்கண்ணனும் பார்த்தான். அங்கே ஒரு பல்லிதான் இருந்தது. அன்றிலிருந்து அவனுக்குப் பல்லியைக் கண்டாலும் பயம்.

ஆரணியை ஒட்டிய சேவூரில் ஒரு தொடக்கப் பள்ளி. அதில் மூன்றாம் வகுப்புக்குக் கமலக்கண்ணன் தற்காலிக ஆசிரியர். தற்காலிகம் என்றால், ஆண்டு முடிவில் கல்வி அலுவலர் வேணுகோபால் கையெழுத்துப் போட்டால் அடுத்த ஆண்டும் ஆசிரியர். போடாவிட்டால் இல்லை. செய்யாறு கம்பெனிகளில் வேலை கேட்டுப் பார்த்துவிட்டான். படிப்பு அதிகம் என்று திருப்பி அனுப்பினார்கள். மனைவி இறந்து வீடு காலி. இந்த வகுப்பும் போய்விட்டால் காலையில் எழுந்து போவதற்கு ஓர் இடம் இருக்காது. அதனால் அவன் வேணுகோபாலின் பேனாவுக்குப் பயந்தவன். இப்போது பெட்டிக்கும்.

பெட்டி டிபன் பாக்ஸ் அளவுதான். முன்பக்கம் மூன்று விளக்குகள். பிள்ளைகள் போதுமான அளவு பேசினால் பச்சை எரியும். பேச்சு குறைந்தால் மஞ்சள். வகுப்பு அமைதியாகிவிட்டால் சிவப்பு. சிவப்பு எரிந்தால் வேணுகோபாலின் கைபேசி அலறும். பிறகு கமலக்கண்ணனின் கைபேசி அலறும்.

இதெல்லாம் 'பேசி எழுதுவோம்' திட்டம். யோசனையில் தப்பில்லை. வாயால் ஒரு கதையை முழுசாகச் சொல்லத் தெரிந்த பிள்ளைக்குக் கையாலும் அது வரும். முதலில் சொல்லவிடு, கேள், கேள்வி கேள், பிறகு எழுதவிடு. எங்கோ ஒரு நல்ல டீச்சர் இதைத் தன் வகுப்பில் செய்து பார்த்திருக்க வேண்டும். அந்தச் செய்தி எப்படியோ துறையின் காதுக்குப் போய்விட்டது.

ஆரணியில் நடந்த பயிற்சி முகாமில் வேணுகோபால் விளக்கினார். "கதை சொன்னா எழுத்து வரும். இது நிரூபணம் ஆன விஷயம். நிரூபணம் ஆன பிறகு எழுத்தை நாம பார்க்க வேண்டிய அவசியம் இல்ல. பேச்சைப் பார்த்தா போதும். பேச்சைக் கேட்கணுமா? அதுவும் வேணாம். அளந்தா போதும். அரசாங்கம் உங்க சுமையை எவ்வளவு குறைச்சிருக்குன்னு பாருங்க."

பின் வரிசையில் ஒரு டீச்சர் எழுந்தார். "சார், புள்ளைங்க இன்னா எழுதுறாங்கன்னு யாரு படிப்பாங்க?"

வேணுகோபால் பேனாவின் மூடியைக் கழற்றினார்.

"உங்க பேர் என்னம்மா?" என்றார் வேணுகோபால். அந்த அம்மாள் பேரைச் சொன்னார். எந்தப் பள்ளி என்றார். அதையும் சொன்னார். வேணுகோபால் இரண்டையும் குறித்துக்கொண்டு பேனாவை மூடினார். கேள்விக்குப் பதில் அவ்வளவுதான். அதன் பிறகு யாருக்கும் சந்தேகம் இல்லை.

சுற்றறிக்கைகள் வரத் தொடங்கின. பச்சை எரியும்வரை பிள்ளைகளிடம் பென்சில் கொடுக்கக் கூடாது என்றது முதலாவது. பென்சில்களைப் பீரோவில் வைத்துப் பூட்ட வேண்டும். பச்சை போய் மஞ்சள் வந்தால், எழுதிக்கொண்டிருக்கும் பிள்ளையிடமிருந்து பென்சிலைத் திரும்ப வாங்கிவிட வேண்டும். பேசாமல் எழுதப்பட்ட எழுத்து 'ஆதாரமற்ற எழுத்து' எனக் கருதப்படும்.

இன்னொன்று ஏதோ ஒரு பள்ளியைப் பற்றியது. அங்கே ஓர் ஆசிரியர் இறந்துபோக, பிள்ளைகள் எழுந்து நின்று மௌன அஞ்சலி செலுத்தியிருக்கிறார்கள். பெட்டி சிவந்துவிட்டது. விளக்கம் கேட்டு நோட்டீஸ் போனது. கடைசியில், இனிமேல் மௌன அஞ்சலிகளைப் போதிய ஒலியுடன் நடத்துமாறு எல்லாப் பள்ளிகளுக்கும் உத்தரவு வந்தது. கமலக்கண்ணன் அதை இரண்டு தடவை படித்தான். சிரிப்பு வரவில்லை.

மூன்றாவதுதான் அவனை உலுக்கியது. பெட்டிக்குக் கீழே டிவி சீரியலை ஓடவிட்டுப் பச்சை காட்டிய ஒரு தற்காலிக ஆசிரியரை வேலையை விட்டு நீக்கியதோடு, அரசுக் கருவியை ஏமாற்றியதாகப் போலீசிலும் புகார் கொடுத்திருந்தார்கள்.

கமலக்கண்ணனின் வகுப்பில் டிவி இல்லை. பயப்படத் தேவையில்லை என்று நினைத்துக்கொண்டான்.

முதல் நாள் கதை வகுப்பு. "யாரு கதை சொல்றீங்க?" என்று கரும்பலகையில் எழுதினான். வாயால் கேட்க முடியாது. வகுப்பின் பின்சுவருக்கு அந்தப்புறம் எல்லப்பனின் விசைத்தறி. காலையில் தொடங்கினால் தடதடவென்று மாலைவரை அடித்துக்கொண்டே இருக்கும். அந்தச் சத்தத்தில் கமலக்கண்ணன் பாதிப் பாடத்தை எழுதித்தான் நடத்துவான்.

எல்லப்பனின் மகள் சரண்யா எழுந்து வந்தாள். வாயை அகலத் திறந்தாள். உதடு அசைந்தது, கை அசைந்தது, புருவம் ஏறி இறங்கியது. சத்தம் வரவில்லை. மற்ற பிள்ளைகள் வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தார்கள். அந்தச் சிரிப்பிலும் சத்தமில்லை.

தறி ஓடும் வீடுகளில் அப்படித்தான். கத்தினாலும் கேட்காது என்பதால் யாரும் கத்த மாட்டார்கள். உதட்டை விரித்துச் சத்தமில்லாமல் சொல்வார்கள், மிச்சத்தைக் கை சொல்லும். இழை அறுந்துவிட்டது, கரண்ட் வந்துவிட்டது, வந்திருக்கும் உறவுக்காரர் எப்போது கிளம்புவார் என்று எல்லாவற்றையும் அவர் எதிரிலேயே பேசிக்கொள்ளலாம். அந்தத் தெருப் பிள்ளைகள் நடக்கும்முன் இதைக் கற்றுக்கொண்டு, அதே சுவருக்கு இந்தப்புறம் படிக்க வந்திருக்கிறார்கள்.

கமலக்கண்ணன் பெட்டியைப் பார்த்தான். பச்சை. ஜம்மென்று எரிந்தது.

மதியம் தறிக்காரர்கள் சாப்பிடப் போனதும் தறி நின்றது. பெட்டி உடனே சிவந்தது. சாப்பாட்டு நேரம் கணக்கில் வராது என்பதால் கைபேசி அலறவில்லை. ஆனால் கமலக்கண்ணனுக்கு விஷயம் புரிந்துவிட்டது. சோற்றை மூடிவைத்தான். தலைமையாசிரியை ரேணுகாம்பாளிடம் ஓடினான்.

"டீச்சர், பொட்டில பச்சை எரியறது புள்ளைங்க பேச்சால இல்ல. எல்லப்பன் தறியால."

ரேணுகாம்பாள் தயிர்சாதத்தைப் பிசைந்துகொண்டிருந்தார். நிமிரவில்லை. "யாரு சொன்னது?"

"நானே பார்த்தேன்."

"நீங்க பார்க்கல சார். நீங்க பார்க்கலன்னா நானும் பார்க்கல. புள்ளைங்க கம்மியா கீதுன்னு போன வருஷமே இந்த ஸ்கூல மூடப் பார்த்தாங்க. செவப்பு எரிஞ்சா இந்த வருஷம் மூடிடுவாங்க. நமக்கு இன்னாத்துக்கு பேஜாரு?" ஊறுகாயைத் தொட்டுக்கொண்டார். "அமாவாசைக்கு மட்டும் தறி ஓடாது. அன்னைக்கு ஏரிக்கரைக்கு இட்டுகினு போயிடுங்க. களப்பயணம்னு எழுதிக்கலாம்."

இப்படித்தான் அந்தப் பள்ளியில் அமாவாசைக்கு அமாவாசை களப்பயணம் என்ற மரபு உண்டானது.

ஒன்றை மட்டும் சொல்லியாக வேண்டும். பிள்ளைகள் நிஜமாகவே கதை சொன்னார்கள். கமலக்கண்ணனுக்கும் நாளாக ஆக அந்த உதட்டுப் பேச்சு பிடிபட்டது. வீட்டில் பேச்சில்லாமல் இருந்தவனுக்குச் சத்தமில்லாத பேச்சு சீக்கிரம் வந்துவிட்டது. அவனும் உதட்டால் கேள்வி கேட்டான். 'அப்புறம் அந்த ஆடு எங்க போச்சி? ஏன் அழுதுச்சி?' பிள்ளைகள் யோசித்துச் சொன்னார்கள். சொன்னதை எழுதினார்கள். ஒற்றை வரி எழுதவே அழுத ஹேமநாத், பக்கம் போதாமல் இன்னொரு தாள் கேட்டான். அந்தப் பக்கங்களைக் கமலக்கண்ணன் மட்டும் படித்தான். திட்டத்தில் அதற்கு இடமில்லை. அதனால் அதையும் பயந்துகொண்டேதான் செய்தான்.

இதற்கிடையில் பெட்டி தன் வேலையைச் செய்துகொண்டிருந்தது. மாநிலத்திலேயே அதிகம் பேசும் வகுப்பு எது என்று சென்னையில் யாரோ பார்த்தார்கள். சேவூர். இரண்டாவது இடத்தில் வந்த வகுப்பு எங்கோ கீழே கிடந்தது.

ரேணுகாம்பாள் ஒருநாள் வகுப்பு வாசலில் வந்து நின்றார். முகம் வெளுத்திருந்தது. "சார், நாளைக்கு சென்னையிலிருந்து இணை இயக்குநர் வர்றாராம். அன்பழகன்னு பேரு. திட்டமே அவரோடதாம். புள்ளைங்க பேசறத நேர்ல கேக்கணுமாம்."

கமலக்கண்ணனுக்கு டிவி வைத்த ஆசிரியர் நினைவுக்கு வந்தார். அவராவது டிவியை அணைத்து ஒளித்திருக்கலாம்.

யோசித்தான். தறி ஓடிக்கொண்டிருந்தால் பிழைக்கலாம். அந்தச் சத்தத்தில் பிள்ளைகள் பேசுகிறார்களா இல்லையா என்று வருகிறவர்களுக்குத் தெரியாது. மாலையில் எல்லப்பனிடம் போனான். அதிகாரிகள் வருவதைச் சொல்ல வாய் வரவில்லை. சொன்னால் தெரு முழுக்கப் பரவும், ஏன் எதற்கு என்று கேட்பார்கள்.

"எல்லப்பண்ணா, நாளைக்குத் தறி ஓட்டுவீங்க இல்ல?"

"ஓட்டாம? நாளைக்கு இன்னா சார்?"

"ஒண்ணுமில்ல. எது நடந்தாலும் நிறுத்திடாதீங்க."

எல்லப்பன் அவனை மேலும் கீழும் பார்த்தான். "இந்த ஸ்கூலுக்கு வந்த சாருங்க எல்லாம் தறிய நிறுத்தச் சொல்லித்தான் சண்டைக்கு வந்துகினு இருந்தாங்க. நீங்க ஒருத்தர்தான் ஓட்டச் சொல்றீங்க. ஒடம்பு நல்லாதான கீது சார்?"

மறுநாள் காலை இரண்டு அரசு வண்டிகள் தெருவுக்குள் நுழைந்தன. அன்பழகன் இறங்கினார். வெள்ளைச் சட்டை, கறுப்புக் கண்ணாடி. பின்னால் வேணுகோபால், கேமராக்காரர், சால்வை. தறி தடதடவென்று ஓடிக்கொண்டிருந்தது. பச்சை ஜம்மென்று எரிந்தது.

அன்பழகன் பெட்டியின் எதிரில் போய்ப் பக்தியோடு நின்றார். பிறகு தறிச் சத்தத்துக்கு மேலே குரலை உயர்த்திப் பேசினார். "நான் பதவிக்கு வந்தப்போ தமிழ்நாட்டுப் பிள்ளைகள் மௌனமா இருந்தாங்க. அந்த மௌனத்தை நான் ஒழிச்சேன். பிள்ளைகள் என்ன சொல்றாங்கன்னு சிலர் கேக்கறாங்க. அது முக்கியமா? ஆற்றில் வெள்ளம் வரும்போது தண்ணி என்ன சொல்லுதுன்னா கேக்கறோம்? எவ்வளவு வருதுன்னுதான் பார்க்கறோம்!"

வேணுகோபால் கைதட்டினார். பிள்ளைகளும் தட்டினார்கள்.

"ஒரு குழந்தை கதை சொல்லட்டும்" என்றார் அன்பழகன்.

சரண்யா வந்து நின்றாள். உதடுகள் விரிந்தன. அன்பழகன் தலையைச் சாய்த்து, ஒன்றும் கேட்காமல், ரசித்துக் கேட்டார்.

தறி நின்றது.

நடந்தது இதுதான். பட்டுச் சேலையில் சில ரகங்களைக் கையால்தான் நெய்ய வேண்டும், மோட்டாரில் நெய்யக் கூடாது என்பது சட்டம். எல்லப்பன் மோட்டாரில் நெய்து, கையால் நெய்ததாகக் கொடுத்துக்கொண்டிருந்தான். அரசு வண்டி என்றாலே தன்னைப் பிடிக்க வந்ததாகத்தான் அவனுக்குத் தோன்றும். வாசலில் இரண்டு வண்டிகள் நிற்பதைக் கண்டதும் முந்தைய நாள் கேட்டது அவன் காதில் ஒலித்தது. எது நடந்தாலும் நிறுத்திடாதீங்க. 'அடப்பாவி சாரே, ஓடிகினு இருக்கும்போதே புடிச்சிக் குடுக்கவா கேட்ட?' மோட்டாரை அணைத்தான். கொல்லைப்புறமாக இறங்கி, வரப்பைப் பிடித்து ஓடினான்.

வகுப்பில் அப்படியொரு அமைதி இறங்கியது. பெட்டி வந்தது முதல் வகுப்பு நேரத்தில் அந்தச் சுவர்கள் கேட்டிராத அமைதி. பெட்டி மஞ்சளாகி, சிவந்தது. அடுத்த கணம் வேணுகோபாலின் சட்டைப் பையில் கைபேசி அலறியது. அவருக்கு அவரே புகார் கொடுத்துக்கொண்டது போல இருந்தது.

சரண்யா நிறுத்தவில்லை. அவளுக்கு வித்தியாசம் தெரியவில்லை. உதடு அசைந்தது, கை பறந்தது. மற்ற பிள்ளைகள் சத்தமில்லாமல் குலுங்கினார்கள். அன்பழகன் கறுப்புக் கண்ணாடியைக் கழற்றினார். காதைத் தேய்த்துக்கொண்டார்.

கமலக்கண்ணன் பயந்துபோனான். அமைதியால் மட்டும் அல்ல. அந்தக் கதையைப் படிக்கத் தெரிந்த வயதில் பெரிய ஆள் அந்த அறையில் அவன் ஒருவன்தான். சரண்யா ஒரு பெட்டியைப் பற்றிச் சொல்லிக்கொண்டிருந்தாள். ஒரு தறியைப் பற்றி. ஒரு சாரைப் பற்றி.

"என்ன வேணுகோபால் இது?" என்றார் அன்பழகன். குரல் மெல்ல வந்தது. பயந்த குரல். இந்த வகுப்பைக் காட்டித்தான் அவர் திட்டத்தை எல்லா மாவட்டங்களுக்கும் விரிக்க அனுமதி வாங்கியிருந்தார். அடுத்த வாரம் டெல்லியில் விருது. கமலக்கண்ணன் வேணுகோபாலைப் பார்த்தான். வேணுகோபால் அன்பழகனைப் பார்த்தார். அன்பழகன் கூரையைப் பார்த்தார், அவருக்கும் மேலே யாரோ இருப்பது போல.

வேணுகோபால் பெட்டியைத் தட்டினார். தொண்டையைச் செருமினார். "ஐயா, பொட்டி ஓவர்லோட் ஆயிடுச்சி. இவ்வளவு பேச்சை அதால தாங்க முடியல."

அன்பழகன் சிவப்பு விளக்கைப் பார்த்தார். பேசிக்கொண்டே இருக்கும் சிறுமியைப் பார்த்தார். அவர் முகத்தில் ரத்தம் மெல்லத் திரும்பியது.

"நானும் அதைத்தான் நினைச்சேன்" என்றார். "கருவியே திணறுது. இனிமே பெரிய பெட்டியா வாங்கணும்." பிறகு சரண்யாவின் தலையில் கை வைத்தார். "அருமையான கதை. நல்ல நீதி. எழுதட்டும். பேசினதை அப்படியே எழுதட்டும். அதுதானே திட்டம்!"

கமலக்கண்ணன் பீரோவைத் திறந்தான். சிவப்பு எரியும்போது பென்சில் கொடுக்கக் கூடாது என்று சொல்லிப் பார்க்கலாமா என்று நினைத்தான். கொடுத்தான்.

சரண்யா தரையில் உட்கார்ந்து எழுதினாள். நன்றாக எழுதினாள். எங்கும் தயங்கவில்லை. ஒரு கதையைச் சொல்லிவிட்டு எழுதினால் எவ்வளவு சுலபமாக வரும் என்பதற்கு அதைவிட நல்ல அத்தாட்சி கிடைக்காது. கமலக்கண்ணன் எதிரில் நின்றபடி, எழுத்தைத் தலைகீழாகவே ஒவ்வொரு வரியாகப் படித்தான்.

'ஒரு ஊர்ல ஒரு பொட்டி இருந்துச்சி. அது சோறு துன்னாது. சத்தம்தான் துன்னும். சத்தம் குடுக்கலன்னா அதுக்கு கண்ணு செவந்துடும். எங்களுக்கு சத்தமா பேச வராது. செவுத்துக்கு அந்தாண்ட எங்க அப்பா தறி ஓடுது. பொட்டி தறி சத்தத்த துன்னுட்டு நாங்க பேசறதா நெனச்சிக்கிச்சி. எங்க சாருக்கு தெரியும். பெரிய டீச்சருக்கும் தெரியும். யாரும் சொல்லல. பொட்டிக்கு காது கீது. மூள இல்ல. எங்க சாரு நல்லவரு. ஆனா பயந்துகினே இருப்பாரு.'

அன்பழகன் தாளைக் கையில் வாங்கினார். தூரப் பிடித்தார், கிட்டப் பிடித்தார்.

"கையெழுத்து முத்து முத்தா இருக்கு" என்றார் அன்பழகன். வேணுகோபாலிடம் கொடுத்தார். வேணுகோபால் வரிகளை எண்ணினார். "பக்கம் நிறைஞ்சிருக்குங்க ஐயா." கேமராக்காரர் தாளை நெஞ்சுக்கு நேராகத் தூக்கிப் பிடிக்கச் சொன்னார். சரண்யா பிடித்தாள். ஒருபக்கம் அன்பழகன், ஒருபக்கம் வேணுகோபால். சால்வை கமலக்கண்ணனின் தோளில் விழுந்தது. போலீஸ் கை விழுந்தது போல அவன் துள்ளினான். அதைப் படத்தில் பார்த்தவர்கள் அடக்கம் என்றார்கள்.

மறுநாள் பேப்பரில் அந்தப் படம் வந்தது. எழுத்து தெளிவாகத் தெரிந்தது. கமலக்கண்ணன் வீட்டுக் கதவைச் சாத்திக்கொண்டு காத்திருந்தான். யாரும் வரவில்லை. எல்லப்பன் மட்டும், தேவிகாபுரத்து மச்சான் வீட்டிலிருந்து திரும்பியவன், வந்து வாசலில் நின்று திட்டினான். வண்டி வந்தது தறிக்காக இல்லை என்று சொல்லிப் புரியவைத்தபோது அவனே சிரித்துவிட்டான். "தொரத்தாதவனுக்கு பயந்து ஓடினேனா நானு? நீ மட்டும் இன்னா சார், நின்ன எடத்துலயே ஓடிகினு கீற."

பிறகு உத்தரவு வந்தது. கமலக்கண்ணன் அதைப் பிரிக்கவே வெகுநேரம் ஆனது. அவனை நீக்கவில்லை. திட்டத்தின் கருத்தாளராக நியமித்திருந்தார்கள். ஊர் ஊராகப் போய் மற்ற ஆசிரியர்களுக்குப் பேச்சுக் கற்றுத் தர வேண்டும். கூடவே இன்னொரு உத்தரவு. சேவூர் மாணவியின் படைப்பு அச்சிடப்பட்டு, மாதிரிப் பாடமாக எல்லாத் தொடக்கப் பள்ளிகளுக்கும் அனுப்பப்படும். பிள்ளைகள் அதை உரத்த குரலில் சேர்ந்து வாசிக்க வேண்டும். புதிய பெரிய பெட்டிக்கு அது நல்ல தீனி.

இணை இயக்குநர் முதல் அச்சகம் வரை அந்தத் தாள் எத்தனையோ மேசைகளில் இருந்து எழுந்து வந்திருக்கிறது. எல்லா மேசையிலும் கையெழுத்து விழுந்திருந்தது. கமலக்கண்ணன் நிம்மதி அடைந்திருக்கலாம். முடியவில்லை. இது யாராவது படித்துவிடக்கூடிய தாள். எப்போதாவது, எங்காவது, யாராவது.

முதல் பயிற்சி தேவிகாபுரத்தில். ஆரணியிலிருந்து பஸ்ஸில் போனான். வேணுகோபால் முன்பே வந்து வகுப்பில் நின்றிருந்தார். பெரிய பெட்டி புதிதாக மின்னியது. அங்கே தறி இல்லை, வெளியே வயல்தான். பிள்ளைகள் வயிற்றிலிருந்து குரலெடுத்து வாசித்தார்கள்.

"ஒரு ஊர்ல ஒரு பொட்டி இருந்துச்சி! அது சோறு துன்னாது! சத்தம்தான் துன்னும்!"

வேணுகோபால் பிள்ளைகளுக்கு முதுகைக் காட்டியபடி பெட்டியையே பார்த்துக்கொண்டிருந்தார். "பச்சை!" என்றார். "பாருங்க சார், பச்சை!"

"எங்க சாருக்கு தெரியும்! பெரிய டீச்சருக்கும் தெரியும்! யாரும் சொல்லல!"

"அப்படித்தான், இன்னும் சத்தமா!" என்றார் வேணுகோபால்.

முதல் வரிசையில் ஒரு சிறுமி வாசிப்பதை நிறுத்தினாள். மற்றவர்கள் கத்திக்கொண்டிருக்க, அவள் மட்டும் தாளுக்குள் குனிந்து, விரலை வைத்து, அந்த இடத்தை மறுபடி படித்தாள். பிறகு நிமிர்ந்து கமலக்கண்ணனைப் பார்த்தாள். பார்த்துக்கொண்டே இருந்தாள். அவன் கிட்டே போனான். கால் தன்னால் போயிற்று.

"உன் பேரு என்னம்மா?" என்று கேட்டுவிட்டான். கேட்ட பிறகுதான் அது வேணுகோபாலின் கேள்வி என்று உறைத்தது.

"அமலா." அவள் குரலைத் தாழ்த்திக்கொண்டாள். "அப்புறம் அந்த சாரு இன்னா ஆனாரு சார்? மாட்டிக்கினாரா?"

கமலக்கண்ணன் வேணுகோபாலின் முதுகைப் பார்த்தான். பச்சை விளக்கைப் பார்த்தான். பிறகு அமலாவின் பக்கம் குனிந்து, உதட்டை நன்றாக விரித்து, சத்தமில்லாமல் சொன்னான்.

"இன்னும் இல்லம்மா."